லீவு முடிஞ்சும் திரும்பாத சிப்பாய்: வாதாட என்ன இருக்கு?

"லீவு முடிஞ்சுது, ஆள் வரலை. தப்புதானே? இதுல வக்கீல் வச்சு வாதாட என்னங்க இருக்கு?"

ராணுவத்துல லீவு தாண்டினதுக்காக ஒருத்தரை வேலையை விட்டு நீக்கினாங்கன்னு செய்தி வந்தாப் போதும், டீக்கடையில இருந்து டிவி வரைக்கும் இந்த வசனம் வந்துடும். கூடவே இன்னொரு வசனமும் வரும்: "ஐயோ பாவம், பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு நின்ன மனுஷனை இப்படியா பண்ணுவாங்க?" ரெண்டைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருது. முதல் ஆள் சட்டத்தைப் படிக்கலை. ரெண்டாவது ஆள் வழக்கைப் படிக்கலை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் குற்றச்சாட்டுல ஆள் வரலைங்கறதை பெரும்பாலும் யாருமே மறுக்கறதில்லை. பட்டாலியன்ல பேர் கூப்பிட்டாங்க, ஆள் இல்லை, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. சண்டை முழுக்க "ஏன் வரலை"ங்கறதுல இருக்கு. அதுக்கான பதில் கோர்ட் மார்ஷல் நாற்காலிக்கு முன்னாடி வந்து நிக்கும்போது உருவாகறதில்லை. ஆள் வராம இருந்த அந்த நாள்கள்லயே உருவாகியிருக்கணும், சீட்டாவோ ரசீதாவோ ஒரு அரசு அதிகாரியோட கையெழுத்தாவோ. அப்ப உருவாகலைன்னா அப்புறம் எப்பேர்ப்பட்ட வக்கீல் வந்தாலும் கஷ்டம். அதே சமயம், அப்படி உருவான பதிலை யாருமே படிக்காம கோப்பை மூடிடறதுக்கும் ராணுவ விசாரணை முறையில வழி இருக்கு. அதனால எதிர்வாதம்னா ரெண்டு வேலை. காரணத்தைக் காகிதத்துல நிறுத்தணும். அந்தக் காகிதத்தை அவங்க படிச்சே ஆகணும்ங்கற நிலைமைக்குக் கொண்டு வரணும்.

(நான் பேசறது இந்தியத் தரைப்படை பத்தி மட்டும். 1950 ராணுவச் சட்டம், 1954 ராணுவ விதிகள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கு, அதை இங்க இழுக்கலை.)

சட்டத்துல பிரிவு 38-ம் 39-ம் பக்கத்து வீட்டுக்காரங்க. ஊர்ல ரெண்டையும் சேர்த்து "மிலிட்டரில இருந்து ஓடி வந்துட்டான்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. ஆனா தண்டனையில வித்தியாசத்தைப் பாருங்க. 38 படையை விட்டு ஓடறது. போர்ப்பணியில இருக்கும்போதோ, போர்ப்பணிக்கு உத்தரவு வந்த பிறகோ ஓடினா மரண தண்டனை வரைக்கும் போகலாம். மத்த நேரத்துல 7 வருஷம் வரைக்கும் சிறை. 39 அனுமதியில்லாம வராம இருக்கறது. அதுக்கு அதிகபட்சம் 3 வருஷம். ரெண்டுலயும் ஆள் இல்லைங்கறது பொது. பிரிக்கறது மனசுல இருந்த எண்ணம்தான்: திரும்பவே கூடாதுன்னு போனாரா, இல்ல குறிப்பிட்ட ஒரு முக்கியமான கடமையில இருந்து தப்பிக்கப் போனாரா? அப்படி ஒரு எண்ணத்தைக் காட்ட முடியலைன்னா அது ஓடினது ஆகாது. 38-ல குற்றம் சாட்டப்பட்டவரை 39-ல மட்டும் குற்றவாளின்னு தீர்மானிக்கவும் பிரிவு 139 இடம் கொடுக்குது. ஆக முதல் கோட்டை இங்கேயே இருக்கு. எண்ணம் இல்லைன்னு காட்டினாலே மேல்வரம்பு பாதிக்கும் கீழ இறங்கிடும்.

எண்ணத்தை எப்படிக் காட்டறது? மனசைத் திறந்து பார்க்க முடியாதே. அதனால நடத்தையை வச்சுத்தான் பார்ப்பாங்க. சொந்த ஊர்ல, சொந்த வீட்டுல, எல்லாருக்கும் தெரிஞ்ச விலாசத்துல இருந்தாரா, இல்ல பேரை மாத்தி வேற ஊர்ல செக்யூரிட்டி வேலை பார்த்தாரா? யூனிட்டுக்குக் கடிதம் போட்டாரா? தானா வந்து சரணடைஞ்சாரா, போலீஸ் பிடிச்சுட்டு வந்துச்சா? சட்டம் இதை எவ்வளவு நுணுக்கமாப் பார்க்குதுன்னா, பிரிவு 142-ல ஒரு சான்றிதழ் பத்தி வருது. ஆள் சரணடைஞ்சாலோ பிடிபட்டாலோ அந்தத் தேதி, இடம், அப்ப அவர் என்ன உடையில இருந்தாருங்கறது வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அப்படியே சாட்சியமா ஏத்துக்கப்படும். உடை எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கேட்டுக்கு வந்து நின்னவருக்கும், தாடி வளர்த்து வேஷம் மாத்திப் பிடிபட்டவருக்கும் எண்ணம் ஒண்ணா இருக்க முடியாதில்லையா, அதுக்குத்தான்.

இப்ப 39-க்குள்ள போவோம். அதுல பல உட்பிரிவு இருக்கு. முதல் ரெண்டுதான் அடிக்கடி வர்றது. லீவே வாங்காம லைன்ஸை விட்டுப் போறது ஒண்ணு. கொடுத்த லீவைத் தாண்டி ஊர்லயே நின்னுடறது ரெண்டாவது. இந்த ரெண்டாவதுல "போதுமான காரணம் இல்லாமல்"னு ஒரு நிபந்தனையைச் சட்டமே எழுதி வச்சிருக்கு. அதாவது லீவு தாண்டினது மட்டும் குற்றம் ஆகாது. போதுமான காரணம் இல்லாம தாண்டினாத்தான் குற்றம். "வாதாட என்ன இருக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இந்த நிபந்தனைதான். காரணம்ங்கறது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கற சலுகை இல்லை. குற்றத்தோட இலக்கணத்துக்குள்ளயே அது உக்காந்திருக்கு.

சரி, ஐயோ பாவம் கட்சிக்கு வர்றேன். 2023 ஜூலையில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. ராணுவ சர்வீஸ் கோர்ல 1983-ல சேர்ந்த வண்டி ஓட்டுநர். 1998 நவம்பர் 8-ல இருந்து டிசம்பர் 16 வரைக்கும் 39 நாள் லீவு. அப்புறம் வீட்டுக் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்டார். கொடுத்தாங்க, அடுத்த வருஷ லீவுல இருந்து முன்கூட்டியே 30 நாள், 1999 ஜனவரி 15 வரைக்கும். (இதைக் கவனிங்க. கேட்ட உடனே கையை விரிக்கலை.) அதுக்கப்புறமும் வரலை. மனைவிக்கு உடம்பு ரொம்ப மோசம், கூட இருக்க வேண்டியதாப் போச்சுன்னு காரணம். பிப்ரவரி 15-ல விசாரணைக் குழு கூடி, ஜனவரி 16-ல இருந்து இவர் ஓடினவர்னு பதிவு பண்ணுச்சு. மொத்தம் 108 நாள் கழிச்சு வந்து சரணடைஞ்சார். சம்மரி கோர்ட் மார்ஷல், பணிநீக்கம். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அதை உறுதி செஞ்சுது, உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சுது.

படிச்சதும் கல்நெஞ்சுக்காரத் தீர்ப்புன்னுதான் தோணும். ஆனா உள்ள போய்ப் பார்த்தா, நீதிபதிகள் கேட்டது நாம எல்லாரும் கேட்கற சாதாரணக் கேள்வி. மனைவிக்கு உடம்பு சரியில்லைன்னா எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர்? நீங்க கூட இருந்தே தீரணும்னு எந்தச் சீட்டு சொல்லுது? அப்படி ஒரு ஆவணமும் முன்னால வரலை. 108 நாள் ஒரு பொம்பளை உயிருக்குப் போராடினா, மருந்து வாங்கின பில்லாவது ஒண்ணு வீட்டுல கிடக்கும்தானே? இதுக்கு மேல அவரோட பழைய பதிவுல இதே மாதிரி தண்டனைகள் வேற இருந்துச்சு. அவர் சொன்னது பொய்னு நான் சொல்ல வரலை. உண்மையாவே இருந்திருக்கலாம். ஆனா உண்மையா இருக்கறதும் அதைக் காட்ட முடியறதும் வேற வேற. 16 வருஷ சர்வீஸ் போனது இந்த இடைவெளியில விழுந்துதான்னு நான் நினைக்கறேன்.

அப்ப எந்த மாதிரி காகிதம் நிக்கும்? தெருமுனை கிளினிக்ல "இவருக்கு 15 நாள் ஓய்வு தேவை"ன்னு எழுதி வாங்கற துண்டுச் சீட்டை யூனிட்ல யாரும் மதிக்க மாட்டாங்க, மதிக்கவும் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரியில உள்நோயாளியாச் சேர்த்த சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், தேதி போட்ட மருந்துச் சீட்டு, இதெல்லாம் சேர்ந்து ஒரு வரிசையா நிக்கணும். தனக்கே உடம்பு முடியலைன்னா பக்கத்துல எந்த ராணுவ ஆஸ்பத்திரி இருக்கோ, ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ் இருக்கோ அங்க போய் முகத்தைக் காட்டிட்டு வந்த பதிவு. யூனிட்டுக்கு நீட்டிப்புக் கேட்டு அனுப்பின ஸ்பீடு போஸ்ட் ரசீது. சுபேதார் சாப்புக்கு வாட்ஸ்அப்ல போட்ட தகவலும் ஒண்ணும் இல்லாததுக்கு மேல். ஆனா எழுத்துல, கமாண்டிங் ஆபீசர் பேருக்குப் போன கடிதத்துக்கு அது ஈடாகாது. வெள்ளமோ புயலோ ரயில் ஓடலைன்னா, டிக்கெட் ரத்தான விவரமே காரணம் பேசும். நிலத்தகராறுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்த புகாரோட மனு ரசீது.

இதுல தனியா ஒரு வகை இருக்கு, அதுலதான் எனக்கு நிஜமான வருத்தம். மனநோய். வாய்விட்டு அழத் தெரியாத, யார்கிட்டயும் சொல்லிக்காத, அறையை விட்டு வெளிய வராத ஒரு ஆள் எப்படி ஸ்பீடு போஸ்ட் ரசீது சேர்த்து வைப்பார்? வீட்டுக்காரங்க முதல்ல கோயிலுக்கும் மந்திரிக்கவும் கூட்டிட்டுப் போவாங்க, அதுக்கெல்லாம் ரசீது கிடையாது. இந்த வழக்குல காகிதம் சேர்க்கற பொறுப்பு குடும்பத்தோட தலையிலதான் விழுது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. அங்க ஒரு தடவை புற நோயாளிச் சீட்டு போட்டு வச்சிருந்தாக்கூட பிறகு நடக்கற விசாரணையோட திசை மாறும். திரும்பிப் போன பிறகு ராணுவ ஆஸ்பத்திரி மனநல மருத்துவர்கிட்ட பரிசோதனை வேணும்னு எழுத்துல கேட்கணும். சித்தசுவாதீனம் இல்லாம செஞ்ச செயலை எப்படிக் கையாளணும்னு பிரிவு 145 சொல்லுது. அதைக் கேட்டு வாங்கற வேலை எதிர்வாதம் செய்யறவரோடது, தானா நடக்காது.

இப்ப என்னோட ரெண்டாவது பாதி: காகிதம் இருந்தும் தோக்கறது எப்படி?

ஜவான்கள் வழக்குல ரொம்ப சாதாரணமா நடக்கறது சம்மரி கோர்ட் மார்ஷல். இதுல கோர்ட்டுன்னா கமாண்டிங் ஆபீசர் ஒருத்தர்தான். கூட ரெண்டு பேர், ஆபீசரோ ஜேசிஓவோ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னலோ அதுக்கு மேலயோ இருந்தா 1 வருஷம் வரைக்கும் சிறை கொடுக்கலாம், பணிநீக்கமும் செய்யலாம். தண்டனையை மேல யாரும் உறுதி செய்யத் தேவையில்லை, அன்னைக்கே அமலாகும். வக்கீல்? விதி 129-படி கூட ஒரு உதவியாளரை வச்சுக்கலாம், அவர் வக்கீலாவும் இருக்கலாம். ஆனா அவர் சாட்சியைக் கேள்வி கேட்கக் கூடாது, கோர்ட்டைப் பார்த்துப் பேசக் கூடாது. காதோட காதாச் சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். லீவு கொடுத்தவர், வரலைங்கற புகார் யார்கிட்ட போச்சோ அவர், விசாரிக்கறவர், தண்டிக்கறவர், பல சமயம் எல்லாமே ஒரே மனுஷர்.

இந்த அறையில ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கற அறிவுரை பெரும்பாலும் ஒண்ணுதான்: "ஒத்துக்க. சின்ன தண்டனையோட போயிடும்." வராம இருந்தது உண்மைதானே, ஒத்துக்கறதுல என்னன்னு அவரும் நினைப்பார். இங்கதான் வழக்கு கை நழுவுது. குற்றவாளின்னு ஒத்துக்கறது "நான் வரலை"ன்னு ஒத்துக்கறது இல்லை. "போதுமான காரணமும் எனக்கு இல்லை"ன்னு சேர்த்து ஒத்துக்கறது. அதுக்கப்புறம் சாட்சி விசாரணை கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டு சாட்சியமா ஏறாது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி நாலு வார்த்தை பேசலாம், அவ்வளவுதான். விதியை எழுதினவங்களுக்கு இந்த ஆபத்து தெரிஞ்சிருக்கு. விதி 115 என்ன சொல்லுதுன்னா, ஒத்துக்கற வார்த்தையைப் பதியறதுக்கு முன்னாடி குற்றச்சாட்டு என்ன, ஒத்துக்கிட்டா நடைமுறை எப்படி மாறும்னு அவருக்குப் புரிய வைக்கணும். சாட்சியச் சுருக்கத்தைப் பார்த்தா அவர் மறுத்திருக்க வேண்டிய வழக்குன்னு தெரிஞ்சா, ஒத்துக்கிட்டதை வாபஸ் வாங்கச் சொல்லி கோர்ட்டே அறிவுரை சொல்லணும். விதி 116 இன்னொரு படி மேல போகுது. பிறகு அவர் கொடுக்கற வாக்குமூலத்துல இருந்து அவருக்கு அது புரியலைன்னு தெரிஞ்சா, பதிவைத் திருத்தி "மறுக்கிறார்"னு போட்டு விசாரணையை நடத்தணும். ஒருத்தர் "குற்றவாளிதான் சாப்"னு சொல்லிட்டு, அடுத்த வாயில "அம்மா ஐசியூல இருந்தாங்க, அதனால வர முடியலை"ன்னு சொன்னா, அது ஒத்துக்கறதே இல்லை. அந்த இடத்துலயே பதிவு மாறியிருக்கணும். மாறலைன்னா மேல போய் வாதாட இது ஒண்ணு போதும்.

மறுத்தா என்ன கிடைக்கும்? இந்தச் சட்டத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு, யாரும் கண்டுக்காத பிரிவு, 143. ஓடினது, வராம இருந்தது, லீவு தாண்டினது, இந்த வழக்குகளுக்குன்னே எழுதினது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்து நியாயமா ஒரு காரணம் சொல்லி, அதுக்கு ஆதரவா ஒரு அரசு அதிகாரியைக் கை காட்டினா, கோர்ட் அந்த அதிகாரிக்கு எழுதியே ஆகணும். பதில் வர்ற வரைக்கும் விசாரணையை ஒத்திவைக்கணும். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பற பதில், கோர்ட்ல நேர்ல வந்து சத்தியம் பண்ணிச் சொன்னதுக்குச் சமம். இதைச் செய்யாம விட்டா அந்த விசாரணையையே ரத்து பண்ணி மறுவிசாரணைக்கு உத்தரவு போட இடம் இருக்கு. எவ்வளவு பெரிய ஆயுதம் பாருங்க! பார்டர்ல இருக்கற ஒரு பட்டாலியனுக்கு வேலூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சாட்சி சொல்ல ரயிலேறிப் போக வேண்டியதில்லை. டாக்டர் பேர், பதவி, ஆஸ்பத்திரி, சேர்த்த தேதி, இதைச் சொன்னாப் போதும், எழுதிக் கேட்கறது கோர்ட்டோட பாடு. குற்றத்தை ஒத்துக்கிட்ட நிமிஷம் இந்த 143 செத்துடும். அதனாலதான் அந்த "ஒத்துக்க"ங்கற அறிவுரை எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

சரி, எதிர்க்கட்சி பேசட்டும். முதல் ஆட்சேபம் ஒழுக்கம். "அவன் வரலைன்னா அந்த சென்ட்ரி டூட்டியை இன்னொருத்தன் ரெட்டிப்பா நிப்பான், அவனுக்கும் அம்மா இருக்காங்க." முழுக்க நியாயமான பேச்சு. சட்டமே இதை ஒத்துக்குது. சம்பளம் பிடிக்கறதுக்கு நாள் கணக்குப் போடற பிரிவு 92-ல, பொதுவா தொடர்ச்சியா 6 மணி நேரமாவது வராம இருந்தாத்தான் ஒரு நாளாக் கணக்கு. ஆனா அவர் வராததால கடமை இன்னொருத்தர் தலையில விழுந்திருந்தா அதைவிடக் குறைவான நேரத்தையும் ஒரு நாளா எடுத்துக்கலாம். ஆக, பாதிக்கப்படறவர் பக்கத்து பங்க்கர்காரர்னு சட்டத்துக்குத் தெரியும். ஆனா அதே சட்டம்தான் "போதுமான காரணம்"னும் எழுதி வச்சிருக்கு. ரெண்டையும் தெரிஞ்சே வச்சிருக்கு. காரணத்தைக் கேட்டு, விசாரிச்சு, போதாதுன்னு சொல்லித் தண்டிச்சா பக்கத்துல நிக்கறவனுக்கும் மரியாதை. கேட்காமலே தண்டிச்சா, நாளைக்குத் தனக்கும் இதுதான்னு அவனும் கணக்குப் போட்டு வச்சுக்குவான்.

ரெண்டாவது ஆட்சேபம்: "சர்டிஃபிகேட்டெல்லாம் காசு கொடுத்தா கிடைக்கும், இதை நம்ப ஆரம்பிச்சா பட்டாலியனே ஊர்ல இருக்கும்." காசுக்குக் கிடைக்கும்தான், நான் மறுக்கலை. அதுக்குத்தானே 143? பொய்ச் சீட்டு கொண்டு வந்தவர் அரசு டாக்டரைக் கை காட்டினா, டாக்டர் பதில் எழுதும்போது மாட்டிக்குவார். அதே பிரிவு, காரணத்தை நிரூபிக்கவோ உடைக்கவோ கூடிய அதிகாரி இருக்கார்னு தெரிஞ்சாலும் அவருக்கு எழுதணும்னு சொல்லுது. ரெண்டு பக்கமும் வெட்டற கத்தி. சந்தேகம் இருக்கறதால விசாரிக்க வேண்டாம்னு சொல்றது எனக்குப் புரியாத தர்க்கம்.

மூணாவதுதான் கனமானது. "எல்லாம் சரி, ஒரு ஃபோன் பண்ண என்ன கேடு?" இதுக்கு என்கிட்ட முழுப் பதில் கிடையாது. மனநோய் வழக்கை விட்டுட்டா, 108 நாள் யூனிட்டுக்கு ஒரு வரி எழுதாதவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது. காரணம் உண்மையா இருந்தாலும் தகவல் சொல்லாதது தனியா ஒரு தப்பு. ஆனா பயம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் தாமதமானா, இப்பப் போனா திட்டு விழும்னு நினைச்சு இன்னும் ரெண்டு நாள். அதுக்குள்ள ஊர் போலீஸுக்கு யூனிட்ல இருந்து தேடல் ஓலை வந்துடும், வீட்டுக்கு கான்ஸ்டபிள் வருவார். அப்புறம் பயம் இன்னும் பெருசாகும். 30 நாள் ஆனா பிரிவு 106-படி விசாரணைக் குழு கூடும். அவர்கிட்ட இருந்த அரசு சாமான் என்னென்ன குறையுதுன்னு பட்டியல் போடும், வராததை அறிவிக்கும். பிறகும் வரலைன்னா "ஓடினவராக் கருதப்படுவார்". கருதப்படறதுதான், நிரூபிக்கப்பட்டது இல்லை. பிறகு 38-ல வழக்கு போட்டா எண்ணத்தைத் தனியா நிரூபிக்கணும். இந்தக் குழு முன்னாடி வராதவர் சார்பா சாட்சி சொல்ல யாராவது முன்வந்தா அவங்களையும் விசாரிக்கணும்னு விதி 183 சொல்லுது. வீட்டுல இருக்கற அம்மாவுக்கோ மனைவிக்கோ இப்படி ஒரு கதவு இருக்குன்னு எந்த யூனிட்டாவது கடிதம் போட்டுச் சொன்னா, பாதி வழக்கு அங்கேயே தெளிஞ்சிடும்.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசறதில்லை. ரெகுலர் சர்வீஸ்ல இருக்கற ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. காகிதத்துல தாராளம். ஆனா லீவுங்கறது உரிமை இல்லை, பணி நிலைமையைப் பொறுத்துக் கொடுக்கற சலுகை. கொடுக்கலைன்னா எங்க போய் முறையிடறது? மேலதிகாரிகிட்ட முறையீடு கொடுக்கலாம். 2007 சட்டப்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, ஏன்னா "எந்த வகை லீவும்" அதோட வரம்புக்கு வெளியேன்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆக லீவு மறுத்தது சரியான்னு தீர்ப்பாயத்துல நேரடியாக் கேட்க முடியாது; அதை மீறி ஊர்ல நின்னு, கோர்ட் மார்ஷல் ஆகி, வேலை போன பிறகுதான் அங்க அந்தக் கதையைச் சொல்லவே முடியும். (சம்மரி கோர்ட் மார்ஷல் விஷயத்துலயும் பணிநீக்கமோ 3 மாசத்துக்கு மேல சிறையோ இருந்தாத்தான்.) நீட்டிப்பு கேட்ட கடிதத்தோட நகலையும், மறுத்த பதிலையும் பத்திரப்படுத்தணும்னு நான் இவ்வளவு அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

தண்டனையோட அளவு பத்தியும் வாதாட இடம் இருக்கு. கமாண்டிங் ஆபீசர் நினைச்சா பிரிவு 80-படி 28 நாள் காவலோட, கோர்ட் மார்ஷலே இல்லாம முடிச்சுக்கலாம். நேரா பணிநீக்கத்துக்குப் போனா, ஏன் சின்ன வழி போதலைன்னு கேட்கலாம். 1987-ல ஒரு வழக்கு, சிக்னல்மேன் ஒருத்தர் சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார்னு 1 வருஷ சிறையும் பணிநீக்கமும். அவர் ஏற்கெனவே யார் மேல புகார் கொடுத்திருந்தாரோ அந்த ஆபீசரே விசாரணையில உக்காந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காகவும், குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லைங்கறதுக்காகவும் ரத்து பண்ணுச்சு. 2015-ல இன்னொண்ணு: நாலு சிவப்பு மைப் பதிவு (சர்வீஸ் ஆவணத்துல ஏறின தண்டனைக் குறிப்பு) இருக்குன்னு இயந்திரம் மாதிரி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, எத்தனை வருஷ சர்வீஸ், எந்த மாதிரி கஷ்டமான இடங்கள்ல இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கார்னு பார்க்கணும்னு சொல்லுச்சு. ரெகுலர் சர்வீஸ் ஜவானுக்குப் பென்ஷன் 15 வருஷத்துக்கு. 14-வது வருஷத்துல பணிநீக்கம்னா என்ன அர்த்தம்னு வீட்டுல இருக்கறவங்களைக் கேளுங்க. ஆனா இந்த வாதத்தை மட்டும் நம்பிப் போனா 2023 தீர்ப்பு ஞாபகம் இருக்கட்டும். அதுல 16 வருஷ சர்வீஸும் காப்பாத்தலை. அளவு பத்தின வாதம் காரணத்தோட தோள் மேல ஏறி நிக்கணும். தனியா நிக்காது.

இப்ப யாராவது லீவு தாண்டி ஊர்ல உக்காந்துக்கிட்டு இதைப் படிச்சா, அவருக்கு மட்டும் நாலு வார்த்தை. இன்னைக்கே கிளம்புங்க. யூனிட் தூரம்னா பக்கத்து ராணுவ முகாமுலயோ போலீஸ் ஸ்டேஷன்லயோ போய் சரணடையலாம், எந்தத் தேதியில வந்தீங்கன்னு அவங்க எழுதிக் கொடுக்கற சான்றிதழ் உங்க சாட்சி. ஆஸ்பத்திரிக் கோப்பை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணை வீட்டுல விட்டுட்டுப் போங்க. டாக்டர் பேரையும் பதவியையும் எழுதி சட்டைப் பையில வச்சுக்கங்க. விசாரணைக்கு முன்னாடி, தயார் பண்ண விதி 34 கொடுக்கற 96 மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்க (போர்ப்பணியில இருந்தா 24). "ஒத்துக்கறியா"ன்னு கேட்டா, காரணத்தை முதல்ல சொல்லுங்க. போகும்போது வாங்கற ரயில் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.